தேக்காவும் டோபி காட்டும் இடம் மாறியபோது

பொறாமைப்படுவதற்கு மைத்துனனைவிட வசதியான ஆள் கிடையாது. தேடிப் போகவே வேண்டாம். நம் வீட்டிலேயே உட்கார்ந்து மீன் தலையைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். என் மனைவி சரோஜாவின் தம்பி பாலு அப்படித்தான் சிங்கப்பூர் தேக்காவில் எங்களோடு தங்கியிருந்தான். (எனக்குக் கல்யாணமான நாள் முதல் வால் துண்டுதான்.)

அறுபதுகளின் கடைசியில் இருவருக்கும் ஒரே கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. லண்டன் பயிற்சிக்கு ஒரே ஓர் இடம் வந்தது. மேலாளர் மிஸ்டர் டான் எங்களுக்கு ஒரு போட்டி வைத்தார். ஆறு புள்ளிகளைக் கோடுகளால் எத்தனை விதமாக இணைக்கலாமோ, அத்தனை வரைபடங்களையும் கம்ப்யூட்டர் உருவாக்கித் தர வேண்டும்.

"ஒரே படம் ரெண்டு தரம் வரக் கூடாது லா," என்றார், எல்லாவற்றுக்கும் ஒட்டவைக்கும் அந்தச் சிங்கப்பூர் 'லா'வோடு.

புள்ளிகளுக்கு வெறும் எண் எதற்கு என்று நான் தேக்கா, டோபி காட், தோ பாயோ, புக்கிட் மேரா என்று ஊர்ப்பெயராக வைத்தேன். (ஊருக்கு ஊர் கம்பி இழுக்க டெலிபோன் இலாகாவே என்னைத் தேடி வரும் என்று நினைப்பு.) பாலுவோ புரோகிராமைத் துளைபோட்டுப் பதியும் அட்டையைத் தொடாமல் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தான். எனக்குக் கொள்ளை சந்தோஷம்.

போட்டியன்று என் அட்டைகள் உள்ளே போனதும் அச்சு இயந்திரம் கக்க ஆரம்பித்தது. தாள் மேஜையிலிருந்து இறங்கி, தரையில் மடிந்து, வாசல்வரை போய், கடைசியில் தீர்ந்தே போனது. பாலுவின் வேலை கோப்பையிலிருந்த தேத்தண்ணீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. மொத்தமே சில தாள்கள்.

"அவ்வளவுதானா தம்பி?" என்று முதுகில் தட்டினேன்.

"அவ்வளவுதான் அத்தான். நூத்தம்பத்தாறு."

மிஸ்டர் டான் என் குவியலிலிருந்து இரண்டு தாள்களை உருவினார். "இதுல தேக்காவுக்கும் டோபி காட்டுக்கும் ஒரு கோடு. அதுல தோ பாயோவுக்கும் புக்கிட் மேராவுக்கும் ஒரு கோடு. பேரை அழிச்சுட்டா ரெண்டும் ஒரே படம் லா!"

குவியல் முழுக்க அதே கதைதான். அப்படி வேஷம் மாற்றி வரும் படங்களைப் பாலுவின் புரோகிராம் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தது.

லண்டனுக்கு அவன் போனான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வழியனுப்பப் போனது நான்.

பிறகு அவன் கார் வாங்கினான், வீடு வாங்கினான், தலைமுடிகூடக் கொட்டாமல் இருந்தான். ஒவ்வொன்றையும் புதுப் புகாராகச் சரோஜாவிடம் கொண்டுபோவேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், நானே வந்து சொன்ன மிஸ்டர் டானின் வசனத்தைத் திருப்பி விடுவாள். "பேரை அழிச்சுட்டுப் பாருங்க. அதே படம்தான்."

போன ஞாயிறு பாலு சாப்பிட வந்திருந்தான். மீன் தலை யார் தட்டுக்குப் போனது என்று சொல்ல வாயைத் திறந்தேன். பேத்தி முந்திக்கொண்டாள்.

"தாத்தா, சேம் பிக்சர் லா!"