கடைசி வரிசைப் பெரியப்பா

"என் படம் கடைசி வரிசையில் இருக்கிறது. கவனிக்கவும்."

இந்த ஒரு வரியை மாப்பிள்ளை ஏழு தடவை படித்துவிட்டார். மனைவி வீட்டாருக்காக, யார் வேண்டுமானாலும் எழுதிச் சேர்க்கக்கூடிய ஒரு விக்கித் தளம் தொடங்கி, பிறந்த வருடத்தோடு ஏற்றப்படும் படங்களைத் தானாகவே கோத்து ஒரே பக்கமாகக் காட்டும் நீட்சி என்கிற சிறு நிரலையும் அவரே எழுதியிருந்தார். கல்யாணமான மூன்று வருடத்தில் மாமனார் வாயிலிருந்து "பரவாயில்லையே" என்று வந்தது அதற்கு மட்டும்தான்.

புகார் எழுதியவரின் பயனர் பெயர் 'மூத்தவன்'. படத்தில் நரைத்த மீசையும் தொப்பியுமாக இருந்தார்.

"யாரு இவரு?" என்று மனைவியைக் கேட்டார்.

"அப்பா பக்கத்துல எத்தனை பெரியப்பான்னு எனக்கே தெரியாது. பாவம், மனசு நொந்து எழுதியிருக்காரு. சரி பண்ணுங்க."

மாப்பிள்ளை நீட்சியைத் திருத்தி, வயதுப்படி அடுக்கினார். மூத்தவன் உச்சிக்குப் போனார். கூடவே சின்ன மாமியார், தன் கணவருக்கு இரண்டு படம் மேலே போய் உட்கார்ந்துகொண்டார். அவர் மகள் பிறப்புச் சான்றிதழைப் பார்த்து வருடத்தைப் போட்டதில், முப்பது வருடம் கட்டிக்காத்த ரகசியம் போயிற்று. சின்ன மாமனார் பழைய ஜாதகத்தைத் தேடி எடுத்து மறுபடி கணக்குப் போட்டார்.

மூத்தவனும் விடவில்லை. "இப்போது முதலிலேயே நிற்கிறேன். இது நியாயமா?"

"வயசைச் சொல்லிக் காட்டிட்டீங்க," என்றாள் மனைவி.

அடுத்து, திறக்கும்போதெல்லாம் வரிசை தானாகக் கலையும்படி செய்தார். ஆளாளுக்குத் தான் கடைசியில் வந்த நேரம் பார்த்துத் திரையைப் படம் பிடித்து, ஊரெல்லாம் அனுப்பி நியாயம் கேட்டார்கள்.

வெறுத்துப்போய் மாப்பிள்ளை கடைசியாக ஒன்று செய்தார். யார் திறக்கிறாரோ அவர் படமே முதலில், பெரிதாக வரும். குடும்பம் குளிர்ந்துவிட்டது. சின்ன மாமியார்கூடக் கூப்பிட்டுப் பாராட்டினார். மூத்தவன் மட்டும், "எப்போது திறந்தாலும் என் முகமே பெரிதாக வருகிறது. உங்களை நேரில் பார்க்க வேண்டும்" என்று எழுதினார். நன்றி சொல்லத்தான் துடிக்கிறார் என்று மனைவி சொல்ல, ஞாயிற்றுக்கிழமை குடும்பம் கூடுகிற இடத்துக்கே வரச்சொல்லி மாப்பிள்ளை பணிவாகப் பதில் போட்டார்.

அன்றைக்கு அறுபது பேர் முன்னால், சுவர் முழுக்கப் பக்கத்தை விரித்துக் காட்டினார். திறந்தது அவர் கணினி. பத்தடி உயரத்தில் அவர் முகமே வந்து நின்றது.

மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நான் எங்கே மாப்பிள்ளை?"

"கீழே இருக்கீங்க மாமா."

"உங்களுக்குக் கீழேயா?"

மாப்பிள்ளை அவசரமாகக் கூட்டத்தைத் துழாவினார். முன்வரிசையில், தானே கைப்பிடித்து உட்காரவைத்திருந்த தொப்பிக்காரர் கண்ணில் பட்டார். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பெரியப்பா, உங்களுக்காகத்தானே இத்தனையும் செஞ்சேன். நீங்களே சொல்லுங்க."

"யாருக்குப் பெரியப்பா?" என்றார் மாமனார்.

தொப்பிக்காரர் சங்கடத்தோடு எழுந்தார்.

"நான் யாருக்கும் பெரியப்பா இல்லீங்க. எங்க பறவை பார்க்கிற சங்கத்துக்கு இணையத்துல கண்ட இந்த நீட்சி சரிப்படுமான்னு பார்க்க என் படத்தை ஏத்திப் பார்த்தேன். அதை எப்படி எடுக்கிறதுன்னு தெரியாமத்தான் மூணு வாரமா எழுதிக்கிட்டிருக்கேன்."