ஏரிக்கொல்லையின் சீரக ஊற்று

தண்ணீரைக் குடித்து வாழ்ந்த நாகரிகங்கள் பல உண்டு. தண்ணீரைக் கண்காணித்தே வாழ்கிற நாகரிகம் உலகத்தில் ஒன்றுதான் உண்டு. அதன் தலைநகரம், மாதனூர்ப் பக்கம் இருக்கும் 'நீர்த் தர உறுதிப்பாட்டு உபகோட்ட அலுவலகம்'. சிரிக்காமல் கேளுங்கள் கண்ணுகளா, பெரிய இடத்து விஷயம்.

அந்த உபகோட்டத்தின் கண்காணிப்பில் பத்திரமாக இருந்த ஊர் ஏரிக்கொல்லை. அங்கே போர் போட்டால் தண்ணீர் வரும். டீ நிறத்தில், நுரையோடு வரும். தூள் செலவு மிச்சம். வாயில் வைத்தால் உப்பு. சமையலில் அந்தச் செலவும் மிச்சம். ஆற்றோரத்தில் தோல் பதனிடும் டேனரிகள் இவ்வளவு வசதி செய்து கொடுத்தும், நன்றி தெரியாத ஜனம் அதைக் குடிக்க மறுத்துவிட்டது. ஆகவே அரசு கருணை கூர்ந்து, 'நிலத்தடி நீர் கெட்ட ஊர்' என்று சான்றளித்து, வாரத்துக்கு இரண்டு டேங்கர் லாரி அனுப்பி வந்தது. சான்று ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். தண்ணீர் இடையில் மனம் திருந்தி நல்ல தண்ணீராகிவிடக் கூடும் என்பதில் துறைக்கு அசையாத நம்பிக்கை.

மெர்சி அந்த ஊர் வார்டு மெம்பர். பகலெல்லாம் ஷூ கம்பெனியில் தையல் மெஷின். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஊர்க் கவலை. லாரி ஊருக்குள் வந்ததே அவள் நடந்த நடையால்தான்.

ஏரிக்கொல்லையில் ஒரு வழக்கம். வெளி ஆள் யார் வந்தாலும் போர்த் தண்ணீரைக் கண்ணில் காட்டமாட்டார்கள். பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், சொம்பை எட்டிப் பார்த்துவிட்டு பஜ்ஜியைக்கூடத் தொடாமல் எழுந்து போனதிலிருந்து ஏற்பட்ட வழக்கம் அது. வீட்டில் அரிசி இல்லாமல் போகலாம்; விருந்தாளிக்கென்று ஒரு கேன் தண்ணீர் தனியாக இருந்தே ஆகவேண்டும். மெர்சி இன்னும் ஒரு படி மேலே போய், அதைச் சீரகம் போட்டுக் காய்ச்சி ஆற வைத்திருப்பாள்.

அவள் காய்ச்சலென்று லீவு போட்டிருந்த ஒரு நாள், உச்சி வெயிலில், வாசலில் ஜீப் வந்து நின்றது. உள்ளே உபகோட்டத்தின் உதவிப் பொறியாளர் சாமிநாதன். வந்தது 'திடீர் ஆய்வு'க்கு. திடீர் ஆய்வின் உயிர்நாடி ரகசியம். எதற்கு வந்திருக்கிறோம் என்று மக்களிடம் சொல்லக் கூடாது. வெயில் அடித்தால் இறங்கவும் கூடாது. அவர் ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சமே கொஞ்சம் இறக்கி, ஒரு காலி பாட்டிலை நீட்டினார்.

"அம்மா, இதுல கொஞ்சம் தண்ணி புடிச்சுக் குடுங்க."

"அய்யோ, இந்த வெயில்ல வந்திருக்கீங்களே! உள்ள வாங்க சார், நிதானமா குடிக்கலாம்."

"வேணாம்மா. டூட்டி."

மெர்சி சீரகத் தண்ணீரை வழிய வழிய ஊற்றி, முந்தானையால் பாட்டிலைத் துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தாள். அவர் மூடியை இறுக்கி, மேலே அரக்கு முத்திரையும் வைத்தார். குடிக்கிற தண்ணீருக்கே பூட்டுப் போடுகிறாரே, எவ்வளவு சிக்கனமான ஆபீசர் என்று மெர்சி வியந்துபோனாள்.

ஆய்வக முடிவு வந்தது. 'நிறம்: இல்லை. உப்பு: இல்லை. மணம்: இளஞ்சீரகம்.' பாலாற்றுப் படுகையில் 'இயற்கைச் சீரக ஊற்று' கண்டுபிடித்த பெருமிதத்தில் உபகோட்டம் இனிப்பு வழங்கியது. அந்த வாரமே லாரி நின்றது.

"இன்னா மெம்பரு, லாரிக்காரன் போனே எடுக்க மாட்டேங்கறான்? பேஜாரா போச்சு" என்று எதிர்வீட்டு மோகனா காலிக் குடத்தோடு வந்தாள்.

"நான் இன்னாக்கா பண்றது? நம்ம தண்ணி சுத்தமாயிடுச்சாம். டெஸ்ட் பண்ணி எழுதிட்டாங்க. சீரக வாசன வேற வருதாம்."

மோகனா குடத்தைக் கீழே வைத்தாள். "சீரகமா? அடிப்பாவி! அந்த ஜீப்காரனுக்கு நீ எந்தத் தண்ணிய ஊத்திக் குடுத்த?"

மெர்சிக்கு அப்போதுதான் உறைத்தது.

"வந்த மனுஷனுக்கு பைப்புத் தண்ணியவா குடுப்பாங்க? நீ இருந்தா குடுத்திருப்பியாக்கா?"

மோகனா நியாயமாக யோசித்தாள். "நானா இருந்தா எலுமிச்சம்பழம் புழிஞ்சிருப்பேன். அது வேற. நீ போய் லாரியக் கூட்டிக்கினு வா. இல்லாட்டி தெருவே உன் வீட்டு கேனுக்கு வந்துடும்."

மெர்சி பைப்பில் பிடித்த அசலை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினாள். சாமிநாதன் முழுக்கதையையும் கேட்டு மனம் நொந்தார்.

"விருந்து உபசாரம் பண்ணி அரசாங்கத்தையே ஏமாத்திட்டீங்களேம்மா!"

இருந்தாலும் பெரிய மனது பண்ணி, புதுப் பாட்டிலை ஆய்வகத்துக்கு அனுப்பினார். பதிலை 'நீர்வள நல்லிணக்கக் கூட்ட'த்தில் வைத்துப் படிப்பதாக முடிவாயிற்று. ஒரு பக்கம் அதிகாரிகள். மறுபக்கம் டேனரி முதலாளிகள். முந்திரி பிஸ்கட்டும் சீல் வைத்த தண்ணீர் பாட்டிலும் அவர்கள் உபயம். கடைசி நாற்காலியில் மெர்சி.

சாமிநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்: "அனுப்பப்பட்ட திரவம் தண்ணீர் அல்ல. இவ்வாய்வகம் தண்ணீரை மட்டுமே ஆய்வு செய்யும். எனவே திருப்பி அனுப்பப்படுகிறது."

"அப்போ லாரி வந்துடும் இல்ல சார்?" என்றாள் மெர்சி.

"எப்படிம்மா வரும்? கெட்ட தண்ணி இருக்கற ஊருக்குத்தான் லாரி. உங்க ஊர்ல தண்ணியே இல்லன்னு நிரூபணம் ஆயிடுச்சே."

"தண்ணியே இல்லன்னா வறட்சின்னு போட்டு அனுப்புங்க."

"வறட்சின்னா போர் காஞ்சிருக்கணும். உங்க போர்லதான் நல்லா ஊறுதே!"

"இன்னா ஊறுது சார்?"

"அதத்தான் ஆய்வகம் சொல்லலையே."

முதலாளிகளில் மூத்தவரான ரத்தினசாமி பரிவோடு குறுக்கிட்டார். "பாரும்மா, தொழில் வளரணும்னா ஊரு கொஞ்சம் அனுசரிக்கணும். உனக்கும் நம்ம தொழில்லதானே சம்பளம் வருது?"

"வருது சார். வந்த கையோட கேன்காரன் வாங்கிக்கினு போய்ட்றான்."

கூட்டம் பிஸ்கட் தின்றது. மெர்சி தன் பக்கம் வந்த பிஸ்கட் தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு எழுந்தாள்.

"சரி சார். லாரிய விடுங்க. நான் ஒரு கம்ப்ளெயிண்ட் குடுக்கறேன், எழுதிக்குங்க. நான் கல்யாணமாகி வந்தப்போ எங்க போர்ல தண்ணி இருந்துச்சு. நானே குடிச்சிருக்கேன். இப்போ அது தண்ணி இல்லன்னு கவர்மெண்டே சொல்லுது. அப்போ யாரோ எங்க தண்ணிய எடுத்துக்கினு, அந்த எடத்துல வேற எதையோ ஊத்தி வெச்சுட்டுப் போய்ட்டாங்க. இது திருட்டு சார்."

புகார் என்ற சொல் காதில் விழுந்ததும் சாமிநாதனின் கை தானாகப் பேனாவை எடுத்தது. பழக்கதோஷம்.

"திருடு போன பொருள்?"

"தண்ணி."

"அடையாளம்?"

"நெறம் கெடையாது. வாசன கெடையாது."

"எந்த இடத்துல இருந்துச்சு?"

"எங்க காலுக்கு அடியில."

"யார் மேலயாவது சந்தேகம் உண்டா?"

மெர்சி வாயைத் திறக்கவே இல்லை. அதற்குள் அதிகாரிகள், முதலாளிகள், பேனா பிடித்திருந்த சாமிநாதன் உட்பட அத்தனை பேரும் மெதுவாகக் குனிந்து, தங்கள் தங்கள் காலில் பளபளத்த தோல் ஷூவைப் பார்த்துக்கொண்டார்கள். மோப்ப நாய் இல்லாமல், ஒரே நொடியில், ஒருவர்கூட விடுபடாமல் திருடர்களைக் காட்டிக்கொடுத்த அரசாங்க ஆய்வு நம் நாட்டில் அது ஒன்றுதான்.