ஐ.நா. அக்கா நகர்த்திய வாசல்

உலகத்தில் இத்தனை சண்டை ஓயாமல் நடப்பதற்கு ஒரே காரணம்தான். எங்கள் தெரு ஐ.நா. அக்காவை இன்னும் யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால், இரண்டு தரப்பும் சண்டையை மறந்துவிட்டு, ஒன்றாகச் சேர்ந்து அவரை வெளியே அனுப்பும் வழியைத் தேடியிருக்கும். சமாதானம் அங்கேயே வந்திருக்கும்.

புலாவ் செபாங்கில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் தாமான் குடியிருப்பில், அவர் வீடு எங்களுக்கு எதிர்வீடு. அவர் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி மகளைப் படிக்க வைத்தவர். மகள் படித்ததோ அனைத்துலக உறவுகள். நாடுகள் எப்படிப் பேசிக்கொள்கின்றன, ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன, திருப்பிய முகத்தைத் திரும்பத் திருப்புவது எப்படி என்பதெல்லாம் அவருடைய முனைவர் பட்ட ஆராய்ச்சி. மலாக்காவில் ஒரு கல்லூரியில் ஒப்பந்த அடிப்படையில் விரிவுரையாளராக இருந்தார். அடையாள அட்டையில் அவருக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. எங்கள் தெருவில் அது யாருக்கும் தேவைப்பட்டதில்லை.

என் அப்பா தோட்டத்து லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்தப் படிப்பை அவர் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "பேசுறதப் பத்திப் படிக்க ஒரு யுனிவர்சிட்டியா? ஒங்க அத்தை பேசுற பேச்சுக்கு அவ எப்பவோ டாக்டர் ஆயிருக்கணுமே" என்று என் அம்மாவைக் காட்டிச் சொல்வார். அக்காவுக்குக் கோபமே வராது. மாமாவின் நிலைப்பாட்டைக் குறித்துக்கொண்டேன் என்று பணிவாகச் சொல்லிவிட்டுக் காடியில் ஏறிப் போய்விடுவார்.

'வேண்டாம்' என்று அக்கா வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. பசியாற வரச் சொல்லி அம்மா கூப்பிட்டால், கொள்கை அளவில் சம்மதம், எத்தனை தோசை என்பதை மட்டும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்பார். பேசித் தீர்ப்பதற்குள் தோசை ஆறிவிடும். அம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

ஒரு முறை, எங்கள் பக்கத்து வீட்டுச் சீன அங்கிளின் ரம்புத்தான் மரம் வேலி தாண்டி, அடுத்த வீட்டு மலாய்க்காரப் பெரியவரின் கூரைமேல் சாய்ந்துவிட்டது. பழம் யாருக்கு, குப்பை யாருக்கு என்று தகராறு. ஐ.நா. அக்கா தானாக வந்து பேச்சுவார்த்தைக்கு ஏற்பாடு செய்தார். எதிரெதிரே உட்காரும் இருவருக்கும் நாற்காலி ஒரே உயரத்தில் இருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் பேச்சு முறிந்துவிடுமாம். அவர் வீட்டில் இருந்த இரண்டு நாற்காலிகளில் ஒன்று கொஞ்சம் உயரம். ரம்பத்தை எடுத்து அதன் கால்களை அறுக்க ஆரம்பித்தார். இந்தப் பக்கம் அறுத்தால் அந்தப் பக்கம் ஆடியது, அந்தப் பக்கம் அறுத்தால் இந்தப் பக்கம் சாய்ந்தது. கடைசியில் அது மணைக்கட்டை உயரத்துக்கு வந்துவிட்டது. சீன அங்கிளும் மலாய்க்காரப் பெரியவரும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பிறகு அவர்களே ஏணி வைத்து, ஆளுக்கொரு பக்கம் கிளையை வெட்டி, பழத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அக்காவின் அம்மா மட்டும் பல மாதம் அந்த நாற்காலியை நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்டவரை என் பரிசத்துக்கு அழைக்கலாமா என்று வீட்டில் யோசித்தார்கள். எதிர்வீடாயிற்றே, அழைத்தோம்.

மாப்பிள்ளை கதிருக்குத் தஞ்சோங் கிளிங்கில் கடலோர ஹோட்டல் ஒன்றில் வேலை. அவர் அப்பா அங்கே மளிகைக்கடைக்காரர், பழைய முறைகளில் ஒரு நூல் பிசக மாட்டார். என் அப்பாவும் பிசக மாட்டார். முறைதான் இரண்டு வீட்டுக்கும் வேறு வேறு. சம்பந்தக்காரர்களை வாழைமரம் கட்டிய வாசலில் நின்று வரவேற்பது எங்கள் முறை. பெண்ணைப் பெற்றவர் வண்டிக் கதவுக்கே வந்து கூப்பிட்டால்தான் இறங்குவது அவர்கள் முறை. இதை யாரும் முன்கூட்டிப் பேசிக்கொள்ளவில்லை. ஊரெல்லாம் ஒரே முறைதான் என்று இரண்டு பேருமே நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அது ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகுகாலம். நாலு மணிக்கு அவர்கள் வேன் வந்து, எங்கள் பக்கம் கூடாரம் போட்டிருந்ததால், சாலைக்கு அந்தப் பக்கம் அக்கா வீட்டு வாசலில் நின்றது. அப்பா வாழைமரத்துக்கு நடுவில் பன்னீர்ச் செம்போடு நின்றார். வேன் கதவு திறக்கவில்லை. அப்பா நகரவில்லை. நான் பட்டுச்சேலையில் ஜன்னலோரம் வியர்த்துக்கொண்டிருந்தேன். கதிருக்குச் செய்தி அனுப்பினேன், ஏன் இறங்கவில்லை என்று. தன் அப்பா இறங்கினால்தான் மற்றவர்கள் இறங்கலாம் என்று பதில் வந்தது. உடனே அடுத்த செய்தியும் வந்தது. ராகுகாலம் தொட்டுவிட்டால் வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டாராம். தட்டோடு திரும்பிப் போன பரிசம் மறுபடி வந்ததாக எங்கள் பக்கம் கேள்விப்பட்டதே இல்லை.

ஐ.நா. அக்கா களத்தில் இறங்கினார். முதலில் வேனுக்கும் வீட்டுக்கும் நடையாய் நடந்து தூது சொன்னார். பிறகு, இரண்டு அப்பாக்களும் ஒரே நேரத்தில் புறப்பட்டு நடுச்சாலையில் சந்திப்பது என்று ஒப்பந்தம் ஆனது. அக்கா நடுவில் நின்று ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். மூன்றுக்கு அப்பா எதிராளியின் காலைப் பார்த்தார். எதிராளி கதவை ஒரு விரல்கடை திறந்து அப்பாவின் காலைப் பார்த்தார். இருவரும் அசையவில்லை. அந்த நேரம் பார்த்து ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் ஹார்ன் அடித்துக்கொண்டு வந்து, கூட்டத்தைப் பார்த்ததும் நிறுத்தி, பெட்டியைத் திறந்து வியாபாரத்துக்குத் தயாரானார்.

என் சித்தி உள்ளே அழ ஆரம்பித்துவிட்டார். இந்த அக்காவை நம்பினோமே என்று நொந்துகொண்டேன்.

அக்கா அப்பாவிடம் வந்தார். "மாமா, ஒரே ஒரு விளக்கம் வேணும். வாசல்னா எது? இந்தக் கேட்டா, வாழமரமா?"

"வாழமரம் இருக்கிற எடந்தான் வாசல். இதுகூடத் தெரியாதா?" என்றார் அப்பா எரிச்சலோடு.

அக்கா நேரே கேட்டுக்குப் போனார். கேட்டில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார். குலையோடு இருந்த ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு, சேலை தடுக்கத் தடுக்கச் சாலையைத் தாண்டினார். அவர் அம்மா இன்னொன்றை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். ரொட்டிக்காரர் மோட்டாரை விட்டுவிட்டு ஒரு கை கொடுத்தார். வேன் கதவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மரங்களை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க அக்கா கூப்பிட்டார்.

"மாமா, ஒங்க வாசல் இங்க இருக்கு. நீங்க ஏன் அங்க நிக்கிறீங்க?"

தெருவே அப்பாவைப் பார்த்தது. அப்பா வெறும் கேட்டைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். முறை தவறவில்லை என்று அவருக்குப் பிடிபட்டதும், செம்பை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று தன் வாசலுக்கு நடந்தார். பெண்ணைப் பெற்றவர் கதவுக்கே வந்துவிட்டார் என்று வேனும் திறந்தது. சம்பந்தி இறங்கி, தலைக்குமேல் இருந்த வாழையிலையைப் பார்த்து, "நம்ம கௌரவமும் கெடல, அவங்க கௌரவமும் கெடல, நல்ல புள்ளலா" என்று அக்காவைக் காட்டிச் சொன்னார். ராகுகாலத்துக்கு முன்னால் தட்டு மாற்றியாயிற்று. ரொட்டிக்காரர் முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நாளில் கல்லூரியில் அக்காவின் ஒப்பந்தம் முடிந்தது. ஐரோப்பாவில் ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்கு விண்ணப்பித்திருந்தார். நீங்களே தீர்த்துவைத்த தகராறு ஏதாவது உண்டா என்று நேர்காணலில் கேட்டார்களாம். வாழைமரத்தைச் சொன்னாராம். இடம் கொடுத்துவிட்டார்கள். எல்லைத் தகராறில் முகம் கெடாமல் சந்திப்பது எப்படி என்று இப்போது அங்கே ஆராய்கிறார். அவர் கட்டுரைகள் எனக்குப் புரியவில்லை, ஆனால் படிக்கும்போதெல்லாம் சிரிப்பு வருகிறது. நம் வீட்டு வாழைமரத்தால் கிடைத்த வேலை என்று அப்பா காய்கறி வாங்கும் பாசாரில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார்.

போன மாதம் என் தங்கைக்குப் பரிசம். அக்கா விடுப்பில் அன்று காலைதான் வந்து சேர்வதாகச் செய்தி அனுப்பியிருந்தார். விடிந்ததும் எழுந்து பார்த்தால் எங்கள் கேட் வெறுமையாக இருந்தது. வாழைமரம் இரண்டும் எதிர்வீட்டு வாசலில் கட்டப்பட்டிருந்தன. நடுவில் அப்பா, வேட்டி கட்டி, பன்னீர்ச் செம்போடு நின்றார். மாப்பிள்ளை வீட்டு வேன் சாயங்காலம்தான் வரும் என்று நான் நினைவுபடுத்தியும் அவர் காதில் வாங்கவில்லை.

விமான நிலையத்திலிருந்து வந்த டாக்சி நின்றது. அக்கா கதவைத் திறந்தார், அப்பாவைப் பார்த்தார், எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"மாமா, சாலையத் தாண்டி வந்து நிக்கிறீங்களே."

"தாண்டலம்மா. நம்ம வாசல் இங்கதான் இருக்கு. எறங்கி வா, பசியாறலாம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று அக்கா எத்தனை தோசை என்று பேசவே இல்லை, வைத்ததையெல்லாம் சாப்பிட்டார்.