யாரைக் கேட்டுப் பாலத்தைத் தாண்டினாய்?

அன்புள்ள மைத்துனனுக்கு,

அத்தான் எழுதுவது. அங்கே உன் வேலை, சாப்பாடு, தங்கும் அறை எல்லாம் சௌகரியம் என்று உன் அக்கா சொன்னாள்; சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், ஆனால் பொய் எழுதக் கை வரவில்லை. போனில் சொன்னால் நீ சிரித்தே காரியத்தைக் கெடுப்பாய், பக்கத்திலிருந்து உன் அக்காவும் சேர்ந்துகொள்வாள். அதனால்தான் கடிதம். உட்கார்ந்து நிதானமாகப் படி.

விஷயம் உன் மருமகளைப் பற்றியது. பாப்பா தூங்குவதில்லை. நீ வேலை கிடைத்துப் பெட்டியோடு கிளம்பிய நாள் முதல் தூங்குவதில்லை. காரணம் உன் வீடியோ கேம். இரண்டு வருஷம் எங்களோடு இருந்தாயே, தினமும் சாயங்காலம் பக்கத்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த மரக்கத்திக்காரனைச் சேற்றில் நடக்கவிடுவாயே, நினைவிருக்கிறதா? முதலில் புல்லாங்குழல் மட்டும் வரும். அவன் பாலத்தை நெருங்க நெருங்க மேளம் சேர்ந்துகொள்ளும். பாலத்தில் கால் வைத்ததும் கீழேயிருந்து ஏதோ ஒரு ஜந்து எழுந்து ஒரே போடாகப் போடும். "டொய்ங்" என்று பாட்டு அறுந்துவிடும். நீ "அடச்சே!" என்பாய். மறுபடியும் புல்லாங்குழல், மறுபடியும் மேளம், மறுபடியும் டொய்ங். பிறந்ததிலிருந்து பாப்பாவுக்குத் தாலாட்டு என்றால் இதுதான். சத்தத்தைக் குறை, போய் வேலையைத் தேடு என்று நான் சுவரைத் தட்டியது உண்டு, மறுக்கவில்லை. வீட்டுக்கு மூத்தவன் வேறு என்ன சொல்வான்?

நீ போன அன்று வீடு இருந்த நிலையைப் பார்த்திருக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டு வந்து பாப்பா பக்கத்தில் படுக்கிறேன், சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் இல்லை. "குழந்தை தூங்கவே இல்ல பாரு" என்று உன் அக்காவிடம் சொன்னேன். "தூங்கிட்டாளே, என்ன உளர்றீங்க?" என்றாள். கண் மூடியிருந்தது, மூச்சு சீராக வந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது, எல்லாம் வாஸ்தவம். ஆனால் பெற்றவனுக்குத் தெரியாதா? அது தூக்கம் இல்லை, காத்திருப்பு.

அப்புறம்தான் உன்னிடம் கேட்டேன். "கேமுக்குள்ள இருக்கிற பாட்டைத் தனியா உருவிடலாம் அத்தான், கேமே இல்லாம கேட்கலாம்" என்று சொல்லி, சொன்னபடி அனுப்பியும் வைத்தாய். நன்றி. ஆனால் ஒரு வார்த்தை எச்சரித்திருக்கக் கூடாதா? எந்த ஃபைலுக்கும் பெயர் இல்லை, எல்லாம் வெறும் எண். முதல் எண்ணைத் தட்டினேன். ஒரு கதவு கிறீச்சென்று திறந்தது. உன் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு யார் வந்தது என்று வாசலுக்கு ஓடினாள். அடுத்த எண்ணில் யாரோ சதக் சதக்கென்று ஈரத்தில் நடந்தார்கள். அவள் குளியலறைக் குழாயைப் பார்க்கப் போனாள். அதற்கடுத்த எண்ணில் தவளை. ஒரு தவளை இல்லையப்பா, ஒரு கூட்டுக் குடும்பம். பாப்பா எழுந்து உட்கார்ந்து தலையணையைத் தூக்கித் தவளையைத் தேட ஆரம்பித்தாள். "தூங்குற குழந்தையை எழுப்பி விட்டுட்டீங்களே, இப்போ நீங்களே தூங்க வைங்க!" என்று உன் அக்கா என்மேல் பாய்ந்தாள். பாப்பா தூங்கவே இல்லை என்பதுதானே என் வாதம்! யார் கேட்கிறார்கள்?

புல்லாங்குழலை ஒரு வழியாகக் கண்டுபிடித்தேன். அதில் மேளம் இல்லை. மேளம் வேறொரு எண்ணில் தனியாக உட்கார்ந்திருக்கிறது. கேம் ஓடும்போதுதான் இரண்டும் சேருமாம். சரி என்று என் போனில் குழலையும் உன் அக்கா போனில் மேளத்தையும் ஒரே நேரத்தில் தட்டினேன். மேளம் பாலத்துக்குப் போய்விட்டது, குழல் இன்னும் சேற்றில் நிற்கிறது. மறுநாள் கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போன பிறகும் இதே யோசனை. ஒரு பெரியவரை நாற்காலியில் உட்காரவைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, பலகையில் எழுத்துகளைப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். இடையில் இன்னொரு எண்ணைத் தட்டிப் பார்க்கலாமே என்று மேசைக்கு அடியில் தட்டினேன். என் போன் கடை ஸ்பீக்கரோடு சேர்ந்திருந்ததை யார் கண்டது? சண்டைப் பாட்டு! கடை முழுக்க எக்காளம், இடி, குதிரைக் குளம்பு. அதுவரை மூன்றாம் வரியில் தடுமாறிக்கொண்டிருந்த பெரியவர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு கடைசி வரிவரை மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டார். "எனக்குக் கண்ணாடியே வேணாம்பா" என்று எழுந்தும் போய்விட்டார். வந்த வியாபாரம் வாசலோடு போனதைப் பார்த்து முதலாளி என்னிடம் கேட்ட கேள்விகளை எழுதினால் தபால்காரரே முகம் சுளிப்பார்.

இதைக் கேட்டுவிட்டு நீ குழலையும் மேளத்தையும் ஒன்றாகத் தைத்து ஒரே பாட்டாக அனுப்பினாய். அருமை. அன்று சாப்பாடு முடிந்ததும் போட்டேன். குழல் வந்தது, மேளம் சேர்ந்தது, பாலம் வந்தது, நான் பாப்பா முதுகில் கையை வைத்துக்கொண்டு டொய்ங்குக்குக் காத்திருக்கிறேன், டொய்ங் வரவில்லை! பாட்டு பாட்டுக்குப் பாலத்தின் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்குகிறது, ஒரு வயலின் வேறு வருகிறது. யாருடைய வயலின் இது? இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட நாம் கேட்டதில்லையே? அப்புறம்தான் புரிந்தது: நீ ஒரு நாளும் பாலத்தைத் தாண்டியதில்லை, நாங்கள் எப்படிக் கேட்டிருப்போம்? வயலின் நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்லவில்லை. ஆனால் பழகாத மனுஷன் வந்து கட்டிலில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. பாப்பாவுக்கு, பாப்பாவுக்குச் சொல்கிறேன். சரியான இடத்தில் பாட்டை நிறுத்திவிட்டு நானே வாயால் "டொய்ங்" சொல்லிப் பார்த்தேன். என் டொய்ங் எடுபடவில்லை.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு செய்தி கேள்விப்பட்டேன். அங்கே உன்னோடு அறையில் தங்கியிருப்பவன் சொல்லிக் கொடுத்து நீ பாலத்தைத் தாண்டிவிட்டாயாம். வாழ்த்துகள். ஆனால் யாரைக் கேட்டுத் தாண்டினாய்? இத்தனை நாள் தோற்றவனுக்கு இன்னும் கொஞ்ச நாள் தோற்க என்ன கஷ்டம்? ஒரு குழந்தையின் தூக்கம் உன் தோல்வியை நம்பி இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தாயா?

ஆகவே நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த மரக்கத்தியையே எடு. பாலத்துக்குப் போ. அடி வாங்கு. நாற்காலி கிறீச்சிடுவது, நீ "அடச்சே" என்பது, "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று உனக்கு நீயே சொல்லிக்கொள்வது எல்லாம் கேட்கும்படி அப்படியே பதிவு செய்து அனுப்பு. போனை வெளியே வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு ஆடு. இங்கே எப்போதும் சுவர் வழியாகத்தான் கேட்டோம். நடுவில் தப்பித்தவறி ஜெயித்துத் தொலைக்காதே.

உன் அறையில் இப்போது துணி காயப்போடுகிறோம். வேளாவேளைக்குச் சாப்பிடு. புது இடம், புது முதலாளி, வாயை அடக்கு. நீ எல்லா வளமும் பெற்று, பாலம் தவிர மற்ற எல்லாவற்றையும் தாண்டி முன்னேற வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அத்தான்.

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதுகிறேன். தபாலில் போடச் சொல்லி உறையை ஒட்டாமலே என்னிடம் கொடுத்துவிட்டார், படித்தேன். பாப்பா நீ போன அன்றே நன்றாகத் தூங்கிவிட்டாள். இப்போதும், தவளை கத்திய அந்த ஒரு நாள் தவிர, இடி விழுந்தாலும் எழுந்திருப்பதில்லை. தூங்காதது இவர்தான். குழந்தை முதுகில் கையை வைத்துக்கொண்டு சுவரையே பார்த்தபடி படுத்திருக்கிறார். போன வாரம் காய்ந்த துணியை எடுக்கிறேன் என்று உன் அறைக்குப் போனவர் வெகுநேரம் வரவில்லை. எட்டிப் பார்த்தால் வெறும் சுவரை மெல்லத் தட்டிக்கொண்டு நிற்கிறார். "என்னங்க?" என்றேன். "பூச்சு உதிருது, பார்த்தேன்" என்கிறார். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே, மானம் போய்விடும். பதிவெல்லாம் வேண்டாம்டா. பெட்டியைத் தூக்கிக்கிட்டு லீவுல வந்து, ரெண்டு நாள் இங்கேயே தோத்துட்டுப் போ.