பிடரியில் விடிந்த கனடா

உலகம் சுற்றுகிறது என்று எந்த மேதை எந்தக் காலத்தில் சொல்லியிருந்தாலும் சரி, அதைக் கையால் பிடித்துச் சுற்றிக் காட்டிய ஒரே மனிதர் பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் சலூன் வைத்திருக்கிறார். அவர் சுற்றியது என்னுடைய தலையை. ஆகவே இந்த விஷயத்தில் யாரும் என்னோடு வாதாட வரவேண்டாம்.

ஊர் அவரை ‘உலகம்’ என்றுதான் கூப்பிடும். சொந்தப் பெயரை ஒருதரம் கேட்டேன். “அத வெச்சு என்ன செய்யப் போறீங்க தம்பி?” என்று கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார். பதுளையில் வேலை பார்த்த காலம் முழுக்க நான் வேறு யாரிடமும் தலையைக் கொடுத்ததில்லை. கொடுத்திருந்தால் சீக்கிரம் வீடு போய்ச் சேர்ந்திருப்பேன், அது வேறு கதை.

அந்தக் கடையில் சுழலும் நாற்காலி ஒன்று. அதற்குப் பக்கத்தில், தலை மட்டத்துக்குத் தொங்குகிற பெரிய குண்டு பல்பு ஒன்று. கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டியதும் பாடம் ஆரம்பமாகிவிடும்.

“ஆடாம இருங்க தம்பி. இப்ப உங்க மூக்குதான் பதுளை. அந்தா எரியுதே பல்பு, அது சூரியன். இப்ப இடது பக்கமாச் சுத்தறேன். பாத்தீங்களா, இடது கன்னத்துல விடிஞ்சிருச்சு. அது ஜப்பான். மூக்கு இன்னும் தூங்குது. இந்தா, மூக்கு நுனியில வெயில் பட்டிருச்சு. நம்ம சனமெல்லாம் கூடையத் தூக்கிக்கிட்டுத் தேயிலை மலைக்கு ஏறலாம். வலது காது இன்னும் இருட்டா இருக்கா? அதான் லண்டன்.”

“அண்ணே, முடிய எப்ப வெட்டுவீங்க?”

“முதல்ல உங்க தலையில ஒரு நாள் முடியட்டும்.”

அவர் முன்னால் ‘சூரியன் உதிச்சிருச்சு’ என்று சொல்லிவிட்டால் போச்சு. “அது எங்கயும் போகல, எங்கயும் வரல. நாமதான் திரும்பினோம்” என்பார். ‘இருட்டிருச்சு, கிளம்பறேன்’ என்றாலும் விடமாட்டார். “நாம முதுகக் காட்டிட்டு உக்காந்திருக்கோம், அதுக்கு இருட்டு என்னங்க பண்ணும்?” என்று இருட்டுக்கு வக்காலத்து வாங்குவார். வெலிமடையிலிருந்து மரக்கறி லொறி கொண்டு வருகிற வியாபாரி ஒருவர், காலையில் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டார். “அந்த மலையத் தாண்டி நம்ம ஊரு திரும்பினதும்” என்று பதில் வந்தது. “யோவ், லொறியில லீக்ஸ் கட்டெல்லாம் வாடுதுய்யா! மணியச் சொல்லு!” என்று அந்த மனிதர் அலறியது தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

இன்னொரு நாள் ஒரு சிங்கள ஐயாவுக்கு, அவர்கள் பேச்சில் மாத்தயாவுக்கு, சவரம். உலகம் அவருக்கும் சிங்களத்தில் பூமியைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். அதற்குள் அவருடைய பஸ் ஹோர்ன் அடித்துவிட்டது. மனிதர் ஒரு கன்னத்தில் நுரையோடு பாய்ந்து ஓடிப் படியில் தொற்றிக்கொண்டார். “பகல் பாதிதான் முடிஞ்சிருக்கு, ராத்திரிப் பாதி பாக்கி!” என்று உலகம் பஸ்ஸுக்குப் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினார்.

இத்தனை ஞானம் உள்ளவர் ஆரம்பத்தில் பெரிய தப்பு ஒன்று செய்துகொண்டிருந்தார். நாற்காலியை வலது பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த அவருடைய மகள் சுகந்திதான் நிமிர்ந்து பார்த்து, “அப்பா, அப்படிச் சுத்தினா லண்டன்ல விடிஞ்ச பிறகுதான் நமக்கு விடியும். இடது பக்கம் சுத்துங்க” என்றாளாம்.

வேறு யாராவது என்றால் கமுக்கமாகத் திருத்திக்கொண்டு போயிருப்பார்கள். இவர் ரோட்டுக்கு வந்து நின்று, பழைய ஆட்களையெல்லாம் மறித்தார். “அண்ணே, உங்க தலையத் தப்பான பக்கம் சுத்திட்டேன். வாங்க, திருப்பிச் சுத்தி விடறேன். எம் மக கண்டுபிடிச்சது!” நாற்காலியில் ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றி, தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பினார். தன் தப்பை இவ்வளவு பெருமையாகத் தம்பட்டம் அடித்த ஒரு ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை.

சுகந்தி கைக்குழந்தையாக இருக்கும்போதே தாய் இறந்துவிட்டாள். பிள்ளையைத் தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயக் குடியிருப்பில் வைத்து வளர்த்தவர் உலகத்தின் அக்கா. காலமெல்லாம் கொழுந்து பறித்த கை. அந்தக் கை ஊட்டிய சோற்றில்தான் சுகந்தி படித்தாள், தாதியானாள், கனடாவுக்கும் போனாள். ஹட்டன் பக்கத்துப் பையன் ஒருவனை அங்கேயே பார்த்து முடிவாகி, கோயிலில் கல்யாணம் என்று ஏற்பாடானது. அப்பாவுக்கும் அத்தைக்கும் விசா கிடைக்கவில்லை. “பெரியத்தை போன்லயாவது கையத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணணும். அப்புறந்தான் தாலிக்குக் கழுத்த நீட்டுவேன்” என்று சுகந்தி சொல்லிவிட்டாள்.

அக்கா மாட்டேன் என்றார்.

“அங்க காலையிலன்னா இங்க பொழுது போயிருக்குமாமேடா. சூரியனக் கும்பிடாம நான் ஒரு கொழுந்து கிள்ளினதில்ல. பிள்ளைக்கு மட்டும் இருட்டுக்குள்ள ஆசீர்வாதம் பண்ணச் சொல்றியா?”

“அக்கா, பூமி…”

“உன் பூமியத் தூக்கி அடுப்புல போடு! அவ ஆத்தாளுக்கு எப்படா தாலி கட்டினே? மழையில ரோட்டுல மண்ணு சரிஞ்சு, மாப்பிள்ளையா நீ வந்து சேரயில பொழுது போயிருச்சு. அவ பொழைச்சாளா? இவளுக்கும் அப்படி ஆகணுமா?”

எதற்கும் பதில் வைத்திருக்கிற உலகம் ஒரு வாரம் தலைகளைச் சுற்றாமல் சும்மா வெட்டி அனுப்பினார். எங்களுக்கெல்லாம் முடி அழகாக அமைந்தது. ஒருவருக்கும் சந்தோஷமில்லை.

கல்யாண ஞாயிறு. பொழுது சாய்ந்ததும், பிள்ளையின் முகத்தையாவது பார்க்கலாம் என்று சொல்லி அக்காவை ஆட்டோவில் கூட்டிவந்துவிட்டார். என் போன்தான் பெரிசு என்பதால் அதைப் பிடிக்கிற உத்தியோகம் எனக்கு. ஆம்பிளைகள் கடைக்குள் கால் வைக்கவே கூசிய அக்காவைப் பிடித்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்.

“அக்கா, உன் மூக்கு பதுளை. அந்த பல்பு சூரியன்.”

“எனக்கும் ஆரம்பிச்சிட்டியா? சவரம் பண்ணிப்புடாதடா!”

நாற்காலி மெல்லத் திரும்பியது. அக்காவின் முகத்திலிருந்து வெளிச்சம் நழுவி, காதைத் தாண்டிப் பின்னால் போனது. முகம் இருட்டில் நின்றது.

“இப்ப என்னக்கா தெரியுது?”

“ஒண்ணும் தெரியல. பிடரிதான் சுடுது.”

“அங்கதான்க்கா கனடா. அங்கதான் நம்ம பிள்ளை நிக்கிறா. காலையில நீ கும்பிட்டியே, அதே சூரியன்தான். நாம திரும்பிட்டோம், இப்ப அது அவ மேல அடிக்குது.”

“என் கண்ணுக்குத் தெரியலயேடா.”

“உன் கண்ணுக்கு எதுக்குக்கா? அவ கண்ணுக்குத் தெரிஞ்சாப் போதாதா?”

அக்கா பிடரியைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. நான் எடுத்ததுதான் தாமதம், கரண்ட் போய்விட்டது. தெருவே இருண்டது.

“பாத்தியாடா! அணைஞ்சிருச்சு! நான் சொன்னேன்ல!” என்று அக்கா எழுந்துவிட்டார். நான் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

போனுக்குள் சுகந்தி மணக்கோலத்தில் நின்றாள். கோயில் மண்டபத்தின் பெரிய ஜன்னல் வழியாகக் கனடாவின் காலை வெயில் அப்படியே அவள்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சம் என் கையைத் தாண்டி அக்காவின் முகத்தில் விழுந்தது. மூக்குத்தி மின்னியது. அந்தத் தெருவில் அப்போது வேறு விளக்கே இல்லை.

“பெரியத்தை!”

அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டார். மலையில் காலை வெயிலுக்கு எதிரே நிற்கிறவர்கள் அப்படித்தான் சுருக்குவார்கள்.

“ஏண்டா… என் மூஞ்சியில வெயில் அடிக்குதேடா.”

உலகம் ஏதாவது விளக்கம் சொல்வார் என்று பார்த்தேன். அவர் காலி நாற்காலியைப் பிடித்தபடி அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா இரண்டு கையாலும் அந்த வெளிச்சத்தைக் கும்பிட்டார். பிறகு வலது கையை உயரத் தூக்கினார். “நல்லா இருடி என் தங்கம். நூறு வருசம் நல்லா இரு. முந்தானைய எடுத்துத் தலைக்குப் போட்டுக்க, வெயில் சுள்ளுனு அடிக்குது, கறுத்துருவே.”

நாதஸ்வரம் கேட்டது. தாலி ஏறியது. உலகம் வாடிக்கையாளர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் தோளைப் பிடித்தார். “பாத்தீங்களா தம்பி? எம் மக பகல்ல நிக்கிறா!” என்றார். இடது பக்கம் சுற்றச் சொன்ன அன்றைக்கும் இதே குரலில்தான் பெருமைப்பட்டிருப்பார்.

எனக்கு இப்போது கொழும்பில் வேலை. குளிரூட்டிய சலூனில் முடி வெட்டிக்கொள்கிறேன். யாரும் என் தலையைச் சுற்றுவதில்லை. சாயந்தரம் காலிமுகத்திடலில் சனமெல்லாம் சூரியன் கடலில் விழுவதைப் படம் பிடித்துக்கொண்டு நிற்கும். நான் மட்டும், “விழல, நாமதான் திரும்பறோம், இல்லையா அண்ணே” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு, பிடரியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.