பீற்றிஸுக்கு வந்த கண்நோய்

தாண்டவன்வெளி சிறில் முப்பத்துமூன்று வருடம் தபால்காரராக இருந்தவர். அத்தனை வருடத்தில் அடுத்தவர் கடிதம் ஒன்றைக்கூட ஒரு நாள் தன்னிடம் வைத்துக்கொண்டவர் இல்லை. ஓய்வுபெற்று ஆறு வருடம் கழித்து, கார்த்திகை மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், காலை பத்தேகாலுக்கு அந்தப் பெருமை அவருடைய காற்சட்டைப் பையோடு போயிற்று.

கடிதம் மனைவி பீற்றிஸின் பெயருக்கு வந்திருந்தது. அனுப்பியது ஆஸ்பத்திரியின் கண் கிளினிக். படலையடியில் நின்றபடியே பிரித்து வாசித்தார். இடது கண், வெண்புரைச் சத்திரசிகிச்சை, அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை ஏழு மணி, கூட ஒருவர் வரவேண்டும். வாசித்து முடித்ததும் மனிதனுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

சந்தோசத்தில் அல்ல. அதற்குக் காரணம் இருந்தது.

சிறிலுக்கு ஒன்பது வருடமாகச் சீனி வருத்தம். முதல் ஏழு வருடமும் பீற்றிஸின் கண்கள் அவரைக் காவல் காத்தன. தேநீரில் அரைக் கரண்டி சீனி கூடினால் கிணற்றடியில் நின்றே கண்டுபிடித்துவிடுவாள். பிறகுதான் அந்தக் கண்களில் புகை படர்ந்தது. முதலில் பஸ்ஸின் இலக்கம் மறைந்தது. அடுத்து மின்குமிழைச் சுற்றி வட்டம் வட்டமாக வெளிச்சம் தெரிந்தது. கடைசியில் பச்சைச் சேலையும் நீலச் சேலையும் ஒன்றாகிப் போயின. பீற்றிஸின் கண்ணில் புகை ஏற ஏற, சிறிலின் கோப்பையில் சீனி ஏறியது. தேநீருக்கு மூன்று கரண்டி. பின்னேரம் எருமைத் தயிரும் அதன்மேல் விடும் இனிப்பான கித்துள் பாணியும். சனிக்கிழமைகளில் காத்தான்குடியிலிருந்து அப்துல் மஜீத் கொண்டுவரும் சிவப்பு மஸ்கற் அல்வா. இரண்டு வருடம் மனிதன் மகாராசாவாக வாழ்ந்தார்.

அந்த வீட்டில் அவருக்கு வேறு சந்தோசம் என்ன இருந்தது? வீடு பீற்றிஸின் சீதனம். பக்கத்து வீடு அவள் தங்கை ஜெனிற்றாவின் சீதனம். இரண்டுக்கும் ஒரே வளவு, ஒரே கிணறு, ஒரே கட்சி. சிறிலுக்குச் சொந்தமென்று அந்த வளவில் இருந்தது ஒரு சைக்கிளும் ஒரு சீனி வருத்தமும்தான்.

பீற்றிஸ் குருடியாகக் கிடக்கட்டும் என்று நினைக்கும் அளவுக்கு அவர் கெட்டவர் அல்ல. கண் தெரியத்தான் வேண்டும், ஆனால் நத்தாருக்கு முன்னர் தெரிய வேண்டாம், அவ்வளவுதான். கேக்கும் பலகாரமும் முடியட்டும். மாசியில் தவக்காலம் தொடங்கும். தவக்காலத்தில் அவர் எப்படியும் யேசுவுக்காக இனிப்பை விடுகிறவர். அப்போது அவள் கண்ணைத் திறந்து பார்த்தால் எதிரே ஒரு புனிதர் நிற்பார். இப்படி எல்லாருக்கும் நல்லதாக ஒரு தீர்மானம் எடுத்துக்கொண்டு, கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"இஞ்சாருங்க, பெல் அடிச்சிச்சே. கடிதமா?" உள்ளேயிருந்து பீற்றிஸ் கேட்டாள்.

"கரண்ட் பில்லு."

"கிளினிக்கில இருந்து ஒண்டும் வரல்லயா?"

"எப்பிடி வரும்? உன்ட புரை இன்னும் முத்தல்ல புள்ள. முத்தினாத்தான் வெட்டலாம்."

"முத்துறதுக்கு இதென்ன பிலாக்காயா? முத்தும்வரைக்கும் இருக்கத் தேவையில்ல, முத்தவிட்டா இறுகிப்போய் எடுக்கிறது கரச்சல் எண்டு டொக்டர் சொன்னவரே."

"அது அந்த டொக்டர்."

"வேற எந்த டொக்டரைக் கண்டீங்க நீங்க?"

சிறிலிடம் வேறு டொக்டர் இல்லை. அதனால் தேநீர் போடக் குசினிக்குள் போனார். அன்று நாலு கரண்டி.

மறுநாளும் அவள் கடிதம் கேட்டாள். புதன்கிழமை கேட்கவில்லை. இப்படியே அவளாக ஒப்பறேசன் ஆசையை விட்டுவிட்டால் நல்லதென்று நினைத்து, அதற்கு ஒரு தள்ளுக் கொடுக்க அப்துல் மஜீத்தைப் பிடித்தார். மஜீத் அவரோடு ஒரே தபால் கந்தோரில் வேலை செய்தவர். இரண்டு கண்ணும் ஒப்பறேசன் செய்து முடித்தவர். "நீ வந்து கொஞ்சம் பயங்காட்டு மச்சான். மிச்சத்த நான் பாத்துக்கொள்றன்" என்று சொல்லிக் கூட்டிவந்தார்.

மஜீத் விறாந்தைக் கதிரையில் இருந்து தொண்டையைச் செருமினார்.

"நானா, மெய்யைச் சொல்லுங்க. கண்ணுல எப்பிடி வெட்டுறது?" என்று அண்ணன் முறைவைத்துக் கேட்டாள் பீற்றிஸ்.

"முதல்ல கண்ணுக்கு மருந்துத் துளி உடுவாங்க தங்கச்சி. கண் விறைச்சுப் போகும்."

"சொல்லு, சொல்லு. அதுக்குப் பொறகு?" சிறில் கண்ணைச் சிமிட்டினார்.

"அதுக்குப் பொறகு ஒண்டுமே தெரியாது."

"வெட்டுவானுகளே!"

"சின்னக் கீறல்தான், நெல்லுமணி அளவும் வராது. கண்ணுக்குள்ள இரிக்கிற வில்லைதான் மங்கிப்போய் இரிக்கி. அத உடைச்சு உறிஞ்சி எடுத்துப்போட்டு, புது வில்லை ஒண்ட வெச்சு உடுவாங்க. கால் மணித்தியாலம். அண்டைக்கே ஊட்டுக்கு வரலாம்."

"இரத்தம்?" என்றார் சிறில், நம்பிக்கையை விடாமல்.

"எங்க இரத்தம்? அடுத்த நாள் மூடியைக் கழட்டினா ஊட்டுச் சுவரெல்லாம் வெள்ள வெளேர் எண்டு கிடக்கு. அவ்வளவு நாளும் நான் மஞ்சப் பெயின்ற் அடிச்சிரிக்கி எண்டெல்லோ நினைச்சிட்டிருந்தன். பொறகுதான் தங்கச்சி கவனம். ஒரு மாசத்துக்குக் குனியப்படாது, பாரம் தூக்கப்படாது, அடுப்புப் புகை ஆகாது, கண்ணுல தண்ணி படப்படாது."

"பாத்தியா! ஒரு மாசம்! ஆர் சமைக்கிறது?" என்று சிறில் பாய்ந்து பிடித்தார்.

பீற்றிஸ் மஜீத் கொண்டுவந்த மஸ்கற் சரையை வாங்கி, தடவிப்பார்த்து, அலுமாரிக்குள் வைத்தாள். படலை வரை கூடப்போன சிறில் மஜீத்தைப் பிடித்துக் கடிந்தார். "பொய் சொல்ல எனக்கு வருதில்ல மச்சான்" என்று சொல்லிவிட்டு மஜீத் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அடுத்த புதன்கிழமை காலை, பீற்றிஸ் பை கட்டிக்கொண்டு நின்றாள். ஜெனிற்றாவின் மகள் சர்மிலா வந்தாறுமூலைக் கம்பசில் படிக்கிறாள். அங்கே வாடகை அறையில் காய்ச்சலோடு கிடக்கிறாளாம். தாயும் பெரியம்மாவும் போய் நாலு நாள் நின்று கஞ்சி வைத்துக் கொடுக்கப் போகிறார்களாம்.

சிறில் மனதுக்குள் சிலுவை போட்டுக்கொண்டார். மறுநாள் வியாழன். திகதி தவறுவது இனி அவர் பாவம் அல்ல, சர்மிலாவின் காய்ச்சல். அவர்களை ஓட்டோவில் ஏற்றிவிட்டு நேரே தயிர்க் கடைக்குப் போனார்.

ஞாயிறு மத்தியானம் தூறலுக்குள் ஓட்டோ திரும்பி வந்தது. பீற்றிஸ் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். வெயிலே இல்லாத மழை இருட்டில் எதற்குக் கண்ணாடி என்று சிறில் கிட்டப் போனார். ஜெனிற்றா கையை நீட்டி மறித்தாள்.

"அத்தான், கிட்ட வராதீங்க! சர்மிலாவுக்குக் கண்நோய். அக்காவுக்கும் தொத்திட்டுது!"

சிறில் ஒரே பாய்ச்சலில் மற்றப் பக்கம் திரும்பினார். கண்நோய்க்காரரின் கண்ணைப் பார்த்தாலே தொத்தும் என்பதில் அவருக்கு வேதத்துக்கு அடுத்த நம்பிக்கை. தபால் கந்தோரில் ஒரு முறை ஒருவருக்கு வந்து பதினாலு பேரைச் சிவக்க வைத்ததைக் கண்டவர்.

"மருந்துத் துளி நான் வந்து விடுவன். அக்காவுக்கு அடுப்புப் புகை ஆகாது. குனியப்படாது, பாரம் தூக்கப்படாது. கண்ணுல தண்ணி படப்படாது. குசினியை நீங்கதான் பாக்கணும்" என்றாள் ஜெனிற்றா.

இந்தப் பட்டியலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று எந்த மனிதனுக்கும் தோன்றியிருக்க வேண்டும். சிறிலுக்குத் தோன்றவில்லை. அவருடைய புத்தி 'குசினியை நீங்கதான்' என்ற இடத்திலேயே கதிரை போட்டு இருந்துவிட்டது.

அன்றிலிருந்து இரண்டு கிழமை அவர் சமைத்தார், கூட்டினார், தண்ணீர் அள்ளினார். குத்தரிசிச் சோறு, இறால் குழம்பு, சொதி எல்லாம் வைத்து, தட்டைப் பீற்றிஸின் பக்கம் நீட்டிவிட்டு ஆறடி தள்ளி முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பார். பிறகு தன் பங்கைத் தொடங்குவார். பீற்றிஸ் கறுப்புக் கண்ணாடியோடு அசையாமல் இருப்பாள்.

"என்ன சாப்பிடுறீங்க?"

"பாவக்காய்ப் பொரியல்." வாயில் மஸ்கற் கரைந்துகொண்டிருந்தது.

"எப்பிடி இரிக்கி?"

"கசக்குது புள்ள. என்ன செய்யுற, வருத்தத்துக்குச் சாப்பிடத்தானே வேணும்."

"மெல்லச் சாப்பிடுங்க. விக்கிரும்."

ஒரு பின்னேரம் அவள் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தபோது சிறிலுக்கு உள்ளுக்குள் குத்தியது. வியாழக்கிழமை போய்விட்டது. இனித் திகதி கிடைக்க எத்தனை மாதமோ. இரண்டு வருடமாக இந்தப் பெண் கோவிலில் சுவாமியாரின் முகத்தைக் காணாமல் குரலை மட்டும் கேட்டுவிட்டு வருகிறாள். தான் செய்தது அநியாயம் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. அழுகை வரும்போல இருந்தது. அதை அடக்கத் தயிரில் இன்னும் இரண்டு கரண்டி பாணி விட்டுக்கொண்டார்.

மார்கழி நடுவில் ஒரு நாள் மழை விட்டிருந்தது. சிறில் தயிர்க் கோப்பையோடு இருக்கையில் படலையில் சைக்கிள் மணி கேட்டது. அவருடைய தபால் றூட்டை இப்போது பார்க்கும் யசோதினி கடிதத்தோடு நின்றாள். சிறில் ஓடிப்போய்க் கையை நீட்டினார்.

"கொண்டா புள்ள."

யசோதினி கடிதத்தைப் பின்னுக்கு இழுத்தாள். "இல்ல ஐயா. இது பெரியம்மாட கையிலதான் குடுப்பன்."

"என்ன கதை இது? உனக்கு றூட் பழக்கினவன் நான்!"

"ஓம், நீங்கதான் பழக்கினீங்க. ஆஸ்பத்திரிக் கடிதத்தையும் கோட்டு வழக்குக் கடிதத்தையும் வீட்டுல ஆரிட்டக் குடுத்தாலும், பேருக்குரிய ஆளுக்குப் போய்ச் சேந்ததா எண்டு பிறகு ஒருக்காக் கேக்கணும் எண்டு சொல்லித் தந்தீங்க. போனமுறை உங்கட கையில தந்துபோட்டு, அடுத்த நாள் பெரியம்மாவக் கோவிலடியில கண்டு கேட்டன். அவ கடிதமே வரல்ல எண்டா."

அந்த நேரம் பார்த்து, முப்பது அடி தள்ளி விறாந்தையிலிருந்து பீற்றிஸின் குரல் வந்தது.

"இஞ்சாருங்க, மீசையில பாணி. துடைச்சுப்போட்டு அந்தப் புள்ளய உள்ளுக்கு வரச் சொல்லுங்க."

சிறில் துடைத்தார். துடைத்து முடித்த பிறகுதான் விளங்கியது. திரும்பிப் பார்த்தார். பீற்றிஸ் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். பழக்கதோசத்தில் கையால் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

"கையை எடுங்க. எனக்குக் கண்நோயும் இல்ல, சர்மிலாவுக்குக் காய்ச்சலும் இல்ல."

"நீ... வியாழக்கிழமை..."

"ஜெனிற்றா கிளினிக்கில போய்த் திகதியைக் கேட்டுக்கொண்டு வந்தவள். ஏழு மணிக்கே போயிட்டம், நானும் அவளும். முடிச்சுப்போட்டு சர்மிலாட அறையில போய்ப் படுத்த. அடுத்த நாள் வந்து மூடியைக் கழட்டின."

"அப்ப இந்த ரெண்டு கிழமையும்..."

"ஓம்."

"அந்தப் பாவக்காய்..."

"சிவப்பு நிறத்துல பாவக்காய் இரிக்கி எண்டு எனக்கு இப்பதான் தெரியும்."

யசோதினி வாயைப் பொத்திக்கொண்டு வேலிப் பக்கம் திரும்பினாள்.

"கண்டா கண்டவுடன ஏசியிருக்கலாமே" என்றார் சிறில், சின்னக் குரலில்.

"மூடியைக் கழட்டக்குள்ள, வீட்டை போய் உங்கட முகத்தைத்தான் பாக்கணும் எண்டு ஆசையாக் கிடந்திச்சு. வந்து இறங்கினா நீங்க முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கிறீங்க. அந்த முதுகுல எலும்பு தெரியுது. ரெண்டு வருசத்துல இவ்வளவு மெலிஞ்சிட்டீங்க எண்டு எனக்குத் தெரியாமப் போச்சு. சீனி கூடினா மெலியும் எண்டு கிளினிக்கில சொன்னவங்க. அண்டைக்கு ராவு நான் அழுத." மடியில் கிடந்த கறுப்புக் கண்ணாடியை மடக்கினாள். "எவ்வளவு தின்னுறீங்க எண்டு முழுசாப் பாத்துத்தான் கதைக்கணும் எண்டு இருந்தன். பாத்திட்டன்."

சிறில் தலையைக் குனிந்தபடி நின்றார். ஒப்பறேசனுக்குப் பிறகு ஒரு ஆள் எப்படிக் கவனிக்கப்பட வேண்டுமோ, அப்படியே இரண்டு கிழமையாகத் தன் மனைவியைத் தானே கவனித்திருக்கிறோம் என்பதும் அவருக்கு அப்போதுதான் உறைத்தது. சந்தோசப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் பட்டார்.

யசோதினி கடிதத்தைக் கொடுத்தாள். பீற்றிஸ் அதைக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள், கையை நீட்டித் தள்ளிப் பார்த்தாள். பிறகு சிறிலிடம் நீட்டினாள்.

"கிட்டத்துல வாசிக்கக் கண்ணாடி இன்னும் தரல்ல. எனக்கு இப்ப ஆறடிக்கு அங்கால இரிக்கிறதுதான் நல்லாத் தெரியும். நீங்க வாசிங்க. சத்தமா."

சிறில் வாசித்தார். வலது கண், வெண்புரைச் சத்திரசிகிச்சை, தை மாதம் எட்டாம் திகதி. கூட ஒருவர் வரவேண்டும்.

"இந்தமுறை நீங்கதான் கூட வாறீங்க. வந்து பிறகு இன்னும் ஒரு மாசம் குசினி உங்கட பொறுப்பு. சொதி எண்டா நல்லா வைக்கப் பழகிட்டீங்க. இப்ப போய்ப் புள்ளைக்கும் எனக்கும் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாங்க. நீங்களும் குடிங்க."

சிறில் குசினிக்குள் போனார். தண்ணீரைக் கொதிக்க வைத்தார். சீனிப் போத்தலின் மூடியைச் சத்தம் இல்லாமல் திருகியபடி யன்னலால் எட்டிப் பார்த்தார். பீற்றிஸ் கதிரையைக் குசினி யன்னலுக்கு நேரே திருப்பிப் போட்டுக்கொண்டு இருந்தாள்.

மூன்று கோப்பை தேநீர் வந்தது. இரண்டில் சீனி இருந்தது.