லென்ஸ் வாங்கிய மனிதர்

மூட்டை எண்ணும் கிடங்கு மேற்பார்வையாளருக்கு லென்ஸ் எதற்கு? கேட்டால் கோபம் வரும். அசல் நகை, போலி நகை கண்டுபிடிப்பது பற்றி மூன்றே மூன்று வீடியோ பார்த்தார் அந்த மகானுபாவர். மறுநாள் லென்ஸோடு வந்து, கூடத்தின் நடுவே நின்று அறிவித்தார்.

"இன்னியிலேர்ந்து இந்தக் குடும்பத்துல போலி நகை யார் உடம்புலயும் இருக்கக் கூடாது!"

அதோடு விட்டாரா? மைத்துனியின் கம்மலில் 925 என்ற எண்ணைக் கண்டுபிடித்து, "கடைக்காரன் வெள்ளிக்கு முலாம் பூசி உன் தலையில கட்டிட்டான்" என்று அவளை அழவைத்தார். மாமனாரின் மோதிரத்தை, அவர் விரலில் இருக்கும்போதே, சுரண்டிப் பார்த்தார். தன் மணிக்கட்டில் தடியாகக் கிடந்த காப்பை மட்டும் லென்ஸ் பக்கம் கொண்டுபோனதில்லை. அது ஆபீசில் கொடுத்த பரிசாம், வெறும் முலாமாம்.

தையல்காரியான அவர் மனைவி வாயே திறக்கவில்லை. மெஷினை மிதித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு டீச்சர் வந்தாள். கழுத்தில் சிவப்புக்கல் பதக்கம்.

"சார், இது அசல் கெம்புதானா பாருங்களேன். இதுக்காக ரெண்டு தங்க வளையல் போயிருக்கு."

இவர் ஒற்றைக் கண்ணைச் சுருக்கினார். உடனே சிரிப்பு.

"உள்ள பாரும்மா, உருண்டை உருண்டையா காத்துக்குமிழி! மண்ணுல விளைஞ்ச கல்லுல இப்படி இருக்குமா? உருக்கி ஊத்தின கண்ணாடி. பாட்டில் துண்டு!"

"வாங்கிக் கொடுத்தவருக்குத் தெரிஞ்சிருக்குமா சார்?"

"தெரியாம என்ன? சரியான திருட்டுப் பய!"

"அதை அப்படியே எழுதிக் குடுத்துடுங்களேன்" என்றாள் மனைவி, முதல் தடவையாக வாய் திறந்து.

எழுதினார். கையெழுத்துப் போட்டு, கீழே 'நகை நிபுணர்' என்றும் சேர்த்தார். தவளை தன் வாயால் கெடும். இவர் கையாலும் கெட்டார். டீச்சர் பதக்கத்தைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டு, "இந்தா, உன் கல்லு" என்று எழுந்து போய்விட்டாள்.

மனைவி அவர் பக்கம் திரும்பினாள். "அடையாளம் தெரியலையா? ஆறு வருஷம் முன்னாடி என் ரெண்டு வளையலையும் வாங்கிட்டுப் போய், 'அதே மதிப்புக்கு அசல் கெம்பு'ன்னு ஒரு மோதிரம் போட்டீங்களே. அந்தக் கல்லுதான். போன வாரம் பதக்கத்துல பதிச்சேன்."

நிபுணர் பதக்கத்துக்குக் கை நீட்டினார். "வெளிச்சம் சரியில்லம்மா. குடு... அடடா! அசலேதான்! ரத்தினம்!"

"அப்ப அதே மதிப்புதானே? நீங்களே வச்சுக்கிட்டு என் வளையலைக் குடுங்க. போலின்னாலும் வளையலைக் குடுங்க. எது வசதி?"

"அதுக்கு இப்ப நான் எங்க போவேன்?"

"எங்கயும் போக வேணாம். கையை நீட்டுங்க."

லென்ஸை அவரிடமிருந்தே வாங்கி, காப்பின் உள்பக்கத்தைப் பார்த்தாள்.

"916. வெறும் முலாமுக்கு இந்த முத்திரை கிடையாதுன்னு நீங்கதானே பாடம் நடத்துனீங்க? என் வளையல் இங்கதான் உருகிக் கிடக்கா?"

"அந்த... அந்த முத்திரையே போலிம்மா!"

"போலியா? அப்ப இந்தக் குடும்பத்துல யார் உடம்புலயும் இருக்கக் கூடாது. கழட்டுங்க."

கழற்றினார். அடுத்த வாரமே அவள் கையில் இரண்டு வளையல்கள் குலுங்கின. அவருக்கு மிச்சம் அந்த லென்ஸ் ஒன்றுதான். அதுவும் ஊசியில் நூல் கோக்கத் தோதாக இருக்கிறதென்று தையல் மெஷின் பெட்டிக்குள் போய்விட்டது.